கிரிப்டோ கேசினோ: பணம் எந்தெந்த வாசலில் போகிறது, எங்கே நிறுத்துவது

திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளப் பட்டுவாடா. ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறவரின் கரண்ட் அக்கவுன்டில் 4 லட்சம் இருப்பதாகக் காட்டுகிறது, ஆனால் ஒரு ரூபாயும் நகரமாட்டேன் என்கிறது. கட்டிங் மாஸ்டர் வந்து, "அண்ணா, பசங்களுக்குச் சம்பளம் இன்னும் ஏறலீங்க" என்கிறார். பேங்கில் கேட்டால், வேறு மாநிலத்துக் காவல் நிலையம் ஒன்று கணக்கை நிறுத்தச் சொல்லியிருக்கிறதாம். போன வாரம் ஆன்லைன் கேசினோவில் ஜெயித்த யுஎஸ்டிடியை, அதாவது டாலர் மதிப்பை ஒட்டிய டிஜிட்டல் காயினை, 18,000 ரூபாய்க்கு முகம் தெரியாத ஒருவருக்கு விற்றதுதான் காரணம்.

கிரிப்டோ கேசினோ என்பது இப்படி டிஜிட்டல் காயின் வைத்து ஆடும் ஆன்லைன் சூதாட்டத் தளம். அது என்றால் ஆட்டத்தில் தோற்பதை மட்டும்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். அது ஒரு வாசல்தான். பணம் உள்ளே போகும்போதும், போனஸிலும், எடுக்கும்போதும், ரூபாயாக மாற்றும்போதும் தனித்தனி வாசல்கள் இருக்கின்றன. ஜெயித்தவர்களும் அகப்படுவது கடைசி வாசலில். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் நிறையப் பேர் சொந்தத் தொழில் வைத்திருக்கிறார்கள். வீட்டுப் பணமும் தொழில் பணமும் ஒரே கணக்கில் புழங்குவதால், அந்த அடி நேராகத் தொழிலில் விழுகிறது.

முதல் படி: சட்டம் எங்கே நிற்கிறது

பணம் வைத்து இந்த ஆட்டங்களை ஆடாமலிருப்பதே எங்கள் முதல் யோசனை. தமிழ்நாட்டின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆன்லைன் சூதாட்டம் ஆடுகிறவருக்கே 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் மட்டும்தான் அந்தத் தடையிலிருந்து விலக்கியது. ஸ்லாட், ரூலெட், டைஸ், விமானம் பறக்கும் கிராஷ் ஆட்டம் எதற்கும் அந்த விலக்கு இல்லை.

அதற்கு மேல் மத்திய அரசின் சட்டம். ஆன்லைன் கேமிங் ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டத்தையும், திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்று பிரிக்காமல், அது தடை செய்கிறது. "ரூபாய் இல்லையே, காயின்தானே" என்ற வாதமும் நிற்காது. பணமாக மாற்றக்கூடிய காயின், டோக்கன், கிரெடிட் எல்லாவற்றையும் பந்தயப் பொருள் என்றே அந்தச் சட்டம் சொல்கிறது. ஆடுகிறவருக்கு அதில் தண்டனை இல்லை. நடத்துகிறவருக்கும், பணப் பரிமாற்றத்துக்கு உதவுகிறவருக்கும் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு, 50 லட்சம் வரை.

நண்பர்களிடம் ஜிபேயில் ரூபாய் வாங்கிக்கொண்டு அவர்கள் ஐடிக்கு யுஎஸ்டிடி ஏற்றிக் கொடுத்து, 2% கமிஷன் பார்க்கும் பையன்கள் காலேஜ் ஹாஸ்டல்களில் இருக்கிறார்கள். தான் வெறும் ஏஜென்ட் என்று அந்தப் பையன் நினைக்கிறான். பணப் பரிமாற்றத்துக்கு உதவுகிறவர் என்று சட்டம் சொல்வது அவனைத்தான். ஆடுகிறவரைவிட அவனுக்குத்தான் ஆபத்து கூட.

ஏற்கெனவே உள்ளே பணம் வைத்திருப்பவர்கள், பாதியில் மாட்டியவர்கள், வீட்டில் ஒருவரை மீட்கப் பார்ப்பவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

இரண்டாம் படி: ஆட்டத்தின் கணக்கைப் பேப்பரில் போடுங்கள்

ஹவுஸ் எட்ஜ் என்பது ஒவ்வொரு பந்தயத்திலும் நடத்துபவன் எடுக்கும் கமிஷன். ஒற்றைச் சைபர் ரூலெட்டில் 37 கட்டம், கமிஷன் 2.70%. இரட்டைச் சைபரில் 38 கட்டம், 5.26%. ஆர்டிபி (ஆடுகிறவருக்குச் சராசரியாகத் திரும்பும் பங்கு) 96% என்று போட்டிருக்கும் ஸ்லாட்டில் 4%. டைஸ், கிராஷ் ஆட்டங்களில் பெரும்பாலும் 1%.

4% சின்னதாகத் தெரியும். ஈரோட்டு மண்டியில் ஒரு மூட்டை மஞ்சளை விற்று, உடனே திரும்ப வாங்கி, மறுபடி விற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் மூட்டை விலையில் 4% எடுத்தால், 25 கைமாற்றத்தில் ஒரு மூட்டையின் விலையே கமிஷனாகப் போயிருக்கும். ஸ்லாட்டில் ஆட்டோ ஸ்பின் போட்டால் 4 விநாடிக்கு ஒரு சுற்று, மணிக்கு 900. சுற்றுக்கு 50 ரூபாய் என்றால் மணிக்கு 45,000 ரூபாய் புரள்கிறது. அதில் 4% என்றால் 1,800 ரூபாய். ராத்திரி 3 மணி நேரத்துக்கு 5,400. இது சராசரிதான். ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும், மாதக்கணக்கில் ஆடினால் இந்த எண்ணை நோக்கியே போய்ச் சேரும். அதனால் தொகையைவிட வேகத்தைக் கவனியுங்கள். ஆட்டோ ஸ்பின்னும் டர்போவும் கமிஷனை விரைவாக வசூலிக்கும் பொத்தான்கள்.

தோற்றால் இரட்டிப்பாக வைக்கும் முறையை டெலிகிராமில் "சிஸ்டம்" என்று விற்கிறார்கள். 10 ரூபாயில் தொடங்கி 10 முறை தொடர்ந்து தோற்றால் 10,230 ரூபாய் போயிருக்கும், பதினோராவது பந்தயத்துக்கு 10,240 வேண்டும். ஜெயித்தாலும் மிச்சம் அதே 10 ரூபாய். ஒற்றைச் சைபர் ரூலெட்டில் இப்படிப் பத்துத் தொடர் தோல்வி வரும் வாய்ப்பு சுமார் 784 இல் ஒன்று. வேகமாக ஆடுகிறவர் ஒரே நாளில் அத்தனை முறை தொடங்கிவிடுவார். டேபிள் லிமிட், அதாவது ஒரு பந்தயத்துக்கான உச்சவரம்பு, அதற்கு முன்பே குறுக்கே வந்து நிற்கும்.

கிரிப்டோவில் இன்னொரு மயக்கம் உண்டு. திரையில் 0.0005 பிட்காயின் என்று காட்டும்போது தூசு மாதிரித் தெரியும். பிட்காயின் 80 லட்சம் ரூபாய்க்கு விற்கும் நாளில் அது 4,000 ரூபாய். செட்டிங்ஸில் தொகையை ரூபாயில் காட்டும்படி மாற்ற முடிந்தால் இப்போதே மாற்றுங்கள். முடியாத தளமென்றால் ஒரு நோட்டில் போட்டது, எடுத்தது என்று ரூபாயில் எழுதுங்கள். எடுத்தது என்றால் பேங்குக்கு வந்து சேர்ந்தது. கேசினோ வாலட்டில் தெரியும் எண்ணை எழுத வேண்டாம்.

"ப்ரூவபிளி ஃபேர்" (ஆட்டம் நேர்மையானதா என்று நீங்களே சரிபார்க்கலாம்) என்ற முத்திரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம், இதை நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய. ஆட்டத்தின் முடிவைத் தீர்மானிக்கத் தளம் ஒரு ரகசியச் சொல் வைத்திருக்கும், அதுதான் சர்வர் சீட். ஆட்டத்துக்கு முன் அதன் ஹாஷ் எண்ணை, அதாவது அந்தச் சொல்லின் கைரேகை மாதிரியான எண்ணை, தளம் காட்டும். அதை நோட்டில் ஒட்டி வைத்து, உங்கள் பக்கத்துச் சொல்லான கிளையன்ட் சீடை நீங்களே ஏதோ ஒரு சொல்லாக மாற்ற வேண்டும். சில ஆட்டங்களுக்குப் பிறகு சீடைச் சுழற்றினால் பழைய சர்வர் சீட் வெளியே வரும். அதை வேறொரு இடத்திலுள்ள ஷா-256 என்ற ஹாஷ் கணக்கிடும் கருவியில் போட்டால் முதலில் காட்டிய ஹாஷ் அப்படியே வர வேண்டும். தளத்தின் சொந்தச் சரிபார்ப்புப் பக்கத்தில் மட்டும் போட்டுப் பார்ப்பது திருடனிடமே சாட்சி கேட்கும் கதை. ஹாஷ் பொருந்தினால், நீங்கள் பந்தயம் வைத்த பிறகு சீடை மாற்றவில்லை என்று அர்த்தம். அவ்வளவுதான். கமிஷன் அப்படியே இருக்கிறது. பெரும்பாலான ஸ்லாட்டுக்கும், ஆள் உட்கார்ந்து சீட்டுப் போடும் லைவ் டேபிளுக்கும் இந்தச் சோதனையே கிடையாது.

மூன்றாம் படி: போனஸை வாங்காதீர்கள்

5,000 போட்டால் 5,000 போனஸ் என்பார்கள். விதிமுறையில் "டெபாசிட்டும் போனஸும் சேர்த்து 40 மடங்கு" என்று இருக்கும். 10,000 பெருக்கல் 40 என்றால் 4 லட்சம் ரூபாய்க்குப் பந்தயம் வைத்து முடித்தால்தான் எடுக்க முடியும். 4% கமிஷனில் அதற்கான சராசரி நஷ்டம் 16,000 ரூபாய். கையிலிருப்பதே 10,000. பாதி வழியிலேயே காலியாகிவிடும். இதோடு அதிகபட்சப் பந்தய வரம்பு ஒன்று ஒளிந்திருக்கும். ஒரு சுற்றில் அதைத் தாண்டினால் ஜெயித்தது முழுவதும் ரத்து. போனஸ் தானாக ஏறியிருந்தால், ஒரு பந்தயமும் வைப்பதற்கு முன்பே சப்போர்ட்டில் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

நான்காம் படி: தளம் உண்மையா, தோரணமா

பக்கத்தின் அடியில் குராசோ, அஞ்சுவான் என்ற சின்னத் தீவுகளின் லைசென்ஸ் முத்திரை இருக்கும். அழுத்திப் பாருங்கள். அந்த ஒழுங்குமுறை அமைப்பின் சொந்த முகவரிக்குப் போய், நீங்கள் நிற்கும் அதே டொமைன் பெயரை அங்கே காட்ட வேண்டும். வெறும் படமாக இருந்தால் லைசென்ஸ் இல்லை. இருந்தாலும் அது இந்தியாவில் செல்லாது. பணம் போனால் குராசோவில் போய் வழக்குப் போட நம்மால் ஆகாது.

வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே (ஆப் நிறுவும்) ஃபைலை எக்காரணம் கொண்டும் போனில் ஏற்றாதீர்கள். எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி கேட்டால் அது ஓடிபி திருடத்தான். வாட்ஸ்அப், டெலிகிராமில் "அக்கா" ஒருவர் பேசி, முதலில் 500 போட்டு 800 எடுக்கவிட்டு, பிறகு 50,000 போடச் சொன்னால் அங்கே கேசினோவே இல்லை. திரையில் ஓடும் எண் யாரோ டைப் செய்வது.

பெரிய தளமாக இருந்தாலும் பணத்தை உள்ளே விட்டு வைப்பது தப்பு. 2023 செப்டம்பரில் உலகின் பெரிய கிரிப்டோ கேசினோ ஒன்றிலிருந்து சுமார் 4.1 கோடி டாலர் களவு போனது. வடகொரிய ஹேக்கர்கள்தான் எடுத்தார்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ அறிவித்தது. கேசினோ வாலட்டின் சாவி உங்களிடம் இல்லை, அவர்களிடம் இருக்கிறது.

ஐந்தாம் படி: முகவரி, நெட்வொர்க், சீட் பிரேஸ்

பேங்கில் தப்பாகப் போட்டால் மேனேஜரைப் பார்க்கலாம். பிளாக்செயினில் போனது போனதுதான். யுஎஸ்டிடி ஒரே பெயரில் பல நெட்வொர்க்கில் ஓடுகிறது. டிரான் நெட்வொர்க்கின் டிஆர்சி-20 முகவரி ஆங்கில டி எழுத்தில் தொடங்கும், 34 எழுத்து நீளம். எத்தீரியத்தின் இஆர்சி-20, பிஎன்பி செயினின் பிஇபி-20 இரண்டின் முகவரியும் சைபரும் எக்ஸும் சேர்ந்து தொடங்கும், 42 எழுத்து. இந்த இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருப்பதால்தான் குழப்பம். இஆர்சி மட்டும் ஏற்கும் இடத்துக்கு பிஇபியில் அனுப்பினால் வாலட் மறுக்காது, பணம் மட்டும் கணக்கில் ஏறாது. எக்ஸ்ஆர்பி, டான் காயின்களுக்கு முகவரியோடு மெமோ அல்லது டேக் எண்ணும் வேண்டும், விட்டுவிட்டால் அதே கதிதான்.

முகவரியைப் பழைய பரிமாற்றப் பட்டியலிலிருந்து காப்பி எடுக்கும் பழக்கத்தை விடுங்கள். நீங்கள் ஒருமுறை அனுப்பியதும், சில நிமிடத்தில் பட்டியலில் சைபர் தொகைக்கு ஒரு வரி புதிதாக வந்து உட்காரும். முதல் 4 எழுத்தும் கடைசி 4 எழுத்தும் நீங்கள் அனுப்பிய முகவரி மாதிரியே இருக்கும், நடுவில் எல்லாம் வேறு. அடுத்த முறை அவசரத்தில் அதைக் காப்பி எடுத்தால் பணம் திருடனுக்குப் போகும். அதனால் நடு எழுத்துகளில் ஆறைச் சரிபாருங்கள். பெரிய தொகைக்கு முன் சின்னத் தொகை ஒன்றை அனுப்பி, சேர்ந்த பிறகு மீதியை அனுப்புங்கள்.

சீட் பிரேஸ் என்பது உங்கள் வாலட்டைத் திறக்கும் 12 அல்லது 24 ரகசியச் சொற்கள். பேப்பரில் எழுதி நகை வைக்கும் இடத்தில் வையுங்கள். போட்டோ எடுக்காதீர்கள், கூகுள் டிரைவில் போடாதீர்கள். எந்தக் கேசினோ சப்போர்ட்டும் அதைக் கேட்க வேண்டிய அவசியமே கிடையாது. யாராவது தன் சீட் பிரேஸை "தெரியாமல்" உங்களுக்கு அனுப்பினால் அதுவும் பொறிதான். அந்த வாலட்டில் யுஎஸ்டிடி தெரியும், ஆனால் எடுக்க டிரான் காயின் கட்டணம் வேண்டும் என்று காட்டும். நீங்கள் போட்ட கட்டணத்தை அவன் அடுத்த நொடியே உருவிவிடுவான்.

ஆறாம் படி: வெளியே எடுப்பது

இருப்பை எடுக்க முடிவு செய்துவிட்டால், அன்றைக்கு ஒரு சுற்றும் ஆடாதீர்கள். வித்டிராவல் "நிலுவையில்" இருக்கும்போது அதை ரத்து செய்யும் பொத்தானைத் தளம் பெரிதாக வைத்திருக்கும். ஜெயித்த பணம் பல நேரம் திரும்பிப் போவது அந்த இடத்தில்தான்.

முதலில் இருப்பு, பந்தய வரலாறு, டெபாசிட் வரலாறு, விதிமுறைப் பக்கம் நான்கையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு சின்னத் தொகைக்கு வித்டிராவல் கொடுங்கள். "அனுப்பிவிட்டோம்" என்றால் டிஎக்ஸ்ஐடி, அதாவது அந்தப் பரிமாற்றத்தின் அடையாள எண், கேளுங்கள். டிஆர்சி-20 என்றால் அந்த எண்ணை டிரான்ஸ்கேன் என்ற தளத்தில் போட்டால் எந்த முகவரிக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு போனது என்று தெரியும். டிஎக்ஸ்ஐடி இல்லையென்றால் அனுப்பவில்லை, திரையில் பச்சை டிக் இருந்தாலும் சரி.

டெபாசிட்டுக்குக் கேட்காத கேஒய்சியை எடுக்கும்போது கேட்பார்கள். தடை செய்த நாட்டுப் பட்டியலில் இந்தியா இருந்து, இருக்கும் நாட்டை மறைக்கும் விபிஎன் போட்டு ஆடியிருந்தால், விதிமுறையைக் காட்டி மொத்தத்தையும் பறிமுதல் செய்யவும் வழி வைத்திருப்பார்கள். ஆதார் நகல் கொடுக்க வேண்டியிருந்தால், எண்ணின் முதல் 8 இலக்கம் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். படத்தின் குறுக்கே தளத்தின் பெயரும் தேதியும் எழுதுங்கள்.

"உங்கள் 3 லட்சத்தை விடுவிக்க 20% வரியை முன்கூட்டிக் கட்டவும்" என்று செய்தி வந்தால் அந்தப் பணம் கிடையாது. இந்திய வரியைக் கேசினோவின் யுஎஸ்டிடி முகவரியில் யாரும் வசூலிப்பதில்லை. அதைக் கட்டினால் அடுத்து "சரிபார்ப்புக் கட்டணம்" வரும், அதற்கடுத்து "அபராதம்". முதல் கேள்வியிலேயே நிறுத்துங்கள்.

ஏழாம் படி: யுஎஸ்டிடியை ரூபாயாக மாற்றும் இடம்

முதலில் சொன்ன திருப்பூர் கதை இங்கேதான் பிறக்கிறது. பி2பி என்றால் உங்கள் காயினை இன்னொரு ஆளுக்கு நேரடியாக விற்பது. வாங்குகிறவன் சந்தை விலையைவிட 4, 5 ரூபாய் கூடக் கொடுக்கிறான். ஏன் கூடக் கொடுக்கிறான் என்று கேட்டுப் பாருங்கள். எங்கோ ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணத்தைச் சுத்தமான காயினாக மாற்ற அவனுக்கு அவசரம். ஏமாந்தவர் சைபர் மோசடி உதவி எண்ணான 1930 இல் புகார் கொடுத்ததும் பணத்தின் தடத்தைக் கணக்கு கணக்காகப் பின்தொடர்கிறார்கள். மூன்றாவதோ நான்காவதோ கணக்கு உங்களுடையது. நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை, ஆனால் களவுப்பணம் உங்கள் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது.

எனவே பி2பி வேண்டாம். இந்திய நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிந்த எக்ஸ்சேஞ்சில் உங்கள் பெயரிலுள்ள கணக்கில் விற்றால், பணம் முகம் தெரியாதவர் கணக்கிலிருந்து வராது. அங்கேயும் சூதாட்டத் தளத்திலிருந்து வந்த காயினைக் கண்டுபிடித்து விளக்கம் கேட்கலாம், கணக்கை நிறுத்தவும் செய்யலாம். அதைத் தெரிந்துகொண்டு போங்கள். தொழில் கரண்ட் அக்கவுன்டையும் சம்பளம் போடும் கணக்கையும் இந்தப் பக்கமே காட்டாதீர்கள். உங்கள் கணக்கையோ சிம்மையோ "மாதம் 10,000 தருகிறோம்" என்று வாடகைக்குக் கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அதில் ஓடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் முதல் பெயர் உங்களுடையதாக இருக்கும்.

கணக்கு முடங்கிவிட்டால் பதறி மீதிப் பணத்தை மாற்ற வழி தேடாதீர்கள், சாட் பதிவுகளை அழிக்காதீர்கள். பேங்குக்குக் கடிதம் கொடுத்து, புகார் ஒப்புகை எண், எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தொகை ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். பி2பி ஆர்டர் பக்கம், சாட், பேங்க் பரிமாற்றத்தின் யுடிஆர் எண், டிஎக்ஸ்ஐடி, ஒரு வருட ஸ்டேட்மென்ட் சேர்த்துக் கோப்பு போடுங்கள். ஆடுவதே இங்கே குற்றம் என்பதால், காவல் நிலையத்துக்கு மெயில் அனுப்பும் முன் வக்கீலைப் பாருங்கள். ஆனால் பொய்க் காரணம் எழுதாதீர்கள். மஞ்சள் வித்த பணம் என்று எழுதிவிட்டு அதற்குப் பில் கேட்டால் என்ன செய்வீர்கள்? சந்தேகத் தொகை எவ்வளவு என்று சொல்லாமல் முழுக் கணக்கையும் முடக்குவது சரியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 இல் ஒரு வழக்கில் கூறியிருக்கிறது. 18,000 ரூபாய்க்கு மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மீதியை விடுவிக்கும்படி கேட்க அது உதவும்.

ஏமாந்தது நீங்கள் என்றால் 1930 க்கு உடனே அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் ரூபாய் இன்னும் பேங்க் கணக்குகளில் இருக்கும்போதே நிறுத்த வாய்ப்புண்டு. காயினாகிவிட்டால் கஷ்டம். பிறகு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் எழுத்துப் புகார், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் நேரில். "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று வருகிறவர்கள் இரண்டாவது திருடர்கள். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறுகிறது.

எட்டாம் படி: வரி

ஆன்லைன் ஆட்டத்தில் நிகரமாக ஜெயித்த தொகைக்கு 30%. காயின் விற்ற லாபத்துக்குத் தனியாக 30%, இரண்டுக்கும் 4% செஸ். விற்கும்போது 1% டிடிஎஸ் பிடிப்பதால் உங்கள் பான் எண்ணில் தடம் விழுந்திருக்கும். ஒரு காயினில் நஷ்டம் என்றால் இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. சட்டவிரோத வருமானம் என்பதால் வரி இல்லை என்று கிடையாது. ஆடிட்டரிடம் நோட்டையும் ஸ்டேட்மென்ட்டையும் சேர்த்துக் காட்டுங்கள்.

ஒன்பதாம் படி: நிறுத்துவது

விட்டதைப் பிடிக்க நகையை அடகு வைப்பது, சீட்டுப் பணத்தைத் தள்ளிப் போடுவது, தறி ஓட்ட வாங்கிய நூல் பணத்தில் கைவைப்பது. இதில் ஒன்று நடந்திருந்தாலும் மேலே சொன்ன எச்சரிக்கைகளால் பயனில்லை, நிறுத்தத்தான் வேண்டும். சூதாட்டக் கோளாறை உலகச் சுகாதார நிறுவனமே நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. மனக்கட்டுப்பாடு இல்லாதவன் என்று வீட்டில் ஏசுவதால் குணமாகாது.

அதே நாளில் செய்ய வேண்டியவை: கணக்கை நிரந்தரமாக மூடச் சொல்லித் தளத்துக்கு மெயில், "சூதாட்டப் பிரச்சினை" என்ற காரணத்தோடு. டெலிகிராம் குரூப்கள் எல்லாவற்றிலிருந்தும் விலகல். சூதாட்டத் தளங்களைத் தடுக்கும் பெட்பிளாக்கர் என்ற இலவசச் செயலியைப் போனிலும் கம்ப்யூட்டரிலும் நீளமான காலத்துக்குப் போடுவது. எக்ஸ்சேஞ்ச் கணக்கை மூடுவது. யுபிஐ தினசரி வரம்பை 2,000 க்குக் குறைப்பது. ஏடிஎம் கார்டையும் நெட் பேங்கிங்கையும் சில மாதத்துக்கு வீட்டில் ஒருவரிடம் ஒப்படைப்பது.

அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. எந்த நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். ஆடுகிறவர்தான் அழைக்க வேண்டும் என்றில்லை, மனைவியோ அப்பாவோ அழைக்கலாம். கோவை, சேலம், ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

கடனை வீட்டில் சொல்லும்போது பாதி சொல்லிப் பாதி மறைப்பதுதான் எல்லாரும் செய்வது. மறைத்த பாதிக்காகத்தான் மறுபடி ஆடத் தோன்றும். ஒரு பேப்பரில் நான்கு பத்தி போடுங்கள்: யாரிடம், எவ்வளவு, வட்டி என்ன, எப்போது தர வேண்டும். லோன் ஆப், மீட்டர் வட்டி, மச்சானிடம் வாங்கிய கைமாத்து எதையும் விடாதீர்கள். மீட்டர் வட்டிக்காரர் மிரட்டினால் 2003 ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். பேங்க் கடனுக்குக் கிளைக்கே போய்த் தவணையை நீட்டிக் கேட்கலாம். தீபாவளி போனஸையும் தோட்டத்து விளைச்சல் பணத்தையும் பேப்பரில் கணக்குப் பார்த்து, வட்டி அதிகமான கடனிலிருந்து அடைக்கத் தொடங்குங்கள். அந்தப் பேப்பரை மடித்து ஒளித்து வைக்காமல், ரேஷன் கார்டு இருக்கும் கவரிலேயே வையுங்கள், வீட்டில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கட்டும்.